கீழத் தெரு நாற்பத்து நான்கு பேர்

நல்லமுத்தன்பட்டி
20.11.2019

அன்புள்ள அண்ணன் பாலகுருவுக்குத் தங்கச்சி வீரலட்சுமி எழுதுவது. இங்கே நானும் அவரும் மகள் ரோஷினியும் நல்லபடியாக இருக்கிறோம். மதுரைச் சிறையில் உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா, ராத்திரி தூங்குகிறீர்களா என்பதுதான் என் கவலை.

ஜாமீன் கொடுத்துவிட்டார்கள் என்று சாத்தூர் வக்கீல் அலி அக்பர் சொன்னார். கேட்டதும் அழுதுவிட்டேன். அப்புறம்தான் மீதியைச் சொன்னார். சொந்தப் பேரில் வீடோ நிலமோ உள்ள இரண்டு பேர் பிணை நிற்க வேண்டுமாம். நம் வகையறாவில் பட்டா வைத்திருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தாயில்பட்டிப் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள். பிணை என்று வாயைத் திறந்ததுமே அவர் தன் சுகர் வியாதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். இன்னும் மூன்று வீடு ஏறி இறங்கினேன். பட்டாசுக் கம்பெனி வெடித்து ஐந்து பேர் செத்த கேஸில் கையெழுத்தா என்று பயப்படுகிறார்கள்.

திரும்பி வரும்போது செல்லக்கனியைப் பார்த்தேன். புருஷன் மாரிக்கண்ணன் வெடியில் போய் மூன்று மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள். பேசாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள். "ஒங்க அண்ணன் மேல கோவமில்லைன்னு சொல்ல மாட்டேன் மதினி. ஆனா உள்ள இருக்க வேண்டியது அவுக ஒருத்தர் மட்டுமில்ல" என்றாள். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குள் எப்படியாவது உங்களை வெளியே கொண்டுவருவேன்.

தங்கச்சி வீரலட்சுமி


சிறை, மதுரை
28.11.2019

அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் எழுதுகிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. சோறு நேரத்துக்கு வருகிறது, சாப்பிடுகிறேன். மாப்பிள்ளை நாகையாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? பனியில் வெளியே படுக்க வேண்டாம் என்று சொல்.

பிணைக்காக இனி யார் வாசலிலும் போய் நிற்காதே. மூன்றாம் ஷெட்டில் நாலு பேர்தான் உட்காரலாம். வெடித்த அன்று பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரிஜிஸ்டரில் நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒன்பது வருஷமாகத் தினமும் அப்படித்தான் போட்டேன். வாசலோரம் இருந்த ஆறு பேர் ஓடித் தப்பித்தார்கள். உள்சுவரோரம் இருந்த ஐந்து பேருக்கு எழுந்திருக்கக்கூட நேரமில்லை. மாரிக்கண்ணன் உள்சுவரோரம். இது எனக்குத் தினமும் ஞாபகம் வருகிறது.

கம்பெனியை மகேஷ்குமார்தான் உள்குத்தகைக்கு எடுத்து நடத்தினார் என்று ஊருக்கே தெரியும். ஆனால் காகிதத்தில் எங்கேயும் அவர் பேர் கிடையாது. போர்மேன் என்று என் பேர் இருந்தது, பிடித்துக்கொண்டார்கள். செல்லக்கனி சொன்னதை நான்கு தடவை படித்தேன்.

ஊராட்சித் தேர்தல் வரும் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். எங்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது, தண்டனை ஆகாவிட்டாலும் கிடையாது. வெளியே இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது? கம்பெனி வேன் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும், சொன்ன சின்னத்தில் முத்திரை குத்திவிட்டு அதே வேனில் வேலைக்குப் போவோம். ஒரு தடவைகூட நான் யோசித்துப் போட்டதில்லை. இப்போது யோசிக்க நேரம் இருக்கிறது, ஓட்டுத்தான் இல்லை.

ரோஷினிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதே, பட்டியலில் பேர் வந்ததா? எழுது. இங்கே கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருகிறார்கள், அதையும் நினைவில் வைத்துக்கொள்.

அண்ணன் பாலகுரு


நல்லமுத்தன்பட்டி
11.12.2019

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். வீட்டில் எல்லோருக்கும் சுகம்தான். அவருக்கு இருமல் ராத்திரியில் மட்டும் வருகிறது. உங்களுக்கு மதுரைக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

இருபத்தேழாம் தேதி நமக்கு ஓட்டு. தலைவர் பதவிக்கு மகேஷ்குமார் சம்சாரம் கற்பகவல்லி நிற்கிறாள் என்பது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். எதிர்த்து யார் நிற்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? செல்லக்கனி. சூலக்கரைக் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க நடந்து நடந்து அவளுக்கு வெட்கம் விட்டுப்போய்விட்டது. வீடு வீடாக வருகிறாள், கையெடுத்துக் கும்பிடுகிறாள், ஒரே ஒரு விஷயம்தான் சொல்கிறாள். "ஊராட்சிக் கையெழுத்து இல்லாம வெடிச்ச அந்த எடத்துல திரும்ப ஷெட்டு கட்ட முடியாது. தெருவுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல ஒத்த வேலிதான் இருக்கு. நான் செயிச்சா அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன். வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியாது." கேட்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். ஆனால் கண் கலங்கினவர்கள் எல்லோரும் ஓட்டுப் போடுவார்களா என்று தெரியவில்லை.

ரோஷினி பேர் வந்துவிட்டது. வாக்காளர் அட்டையைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாள்.

முந்தாநாள் மகேஷ்குமார் வீட்டுக்கு வந்தார். உங்களைப் பற்றி விசாரித்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

இந்த மாதம் உங்களைப் பார்க்க மனு போட முடியாது போலிருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

வீரலட்சுமி


சிறை, மதுரை
16.12.2019

அன்புத் தங்கச்சிக்கு. நான் சுகம். உன் கடிதம் வந்ததும், சிறைக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு வேலை செய்தேன். அதை இதோடு வைத்திருக்கிறேன்.

நம் ஊராட்சியில் ஆண்கள் ஓட்டு எப்படிப் போகும் என்று உனக்கும் தெரியும். சிவகாசி அச்சாபீஸ்களுக்குப் போகிறவன் முதலாளி சொன்னபடி, போகாதவன் சாயங்காலம் யார் வாங்கிக் கொடுத்தார்களோ அவர்கள் சொன்னபடி. மேலத் தெரு மொத்தமும் கற்பகவல்லிக்கு. செல்லக்கனி ஜெயிப்பதென்றால் கீழத் தெருப் பெண்கள் போட்டால்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நேரம் இல்லாதவர்கள். தண்ணி பிடிக்க, விறகு பொறுக்க, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மணி ஐந்தாகிவிடும், பூட்டிவிடுவான்.

ஒன்பது வருஷம் காலையில் ஆஜர் எடுத்தவன் நான். கண்ணை மூடினால் ஷெட் வாரியாக முகம் வருகிறது. யார் மனசில் என்ன என்பதும் தெரியும். உறுதியாகச் செல்லக்கனிக்குப் போடுகிறவர்கள் நாற்பத்து நான்கு பேர். வரிசைப்படி, வீட்டு அடையாளத்தோடு எழுதியிருக்கிறேன். விடிந்ததும் ஒவ்வொரு வீடாகத் தட்டி ஒன்பது மணிக்குள் எல்லோரையும் கூட்டிப் போய்விடு. உன்னைச் சேர்க்கவில்லை, உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

நாற்பத்து மூன்றாவது ரோஷினி. முதல் ஓட்டு. தாளை மடிக்கும்போது மை இன்னொரு சின்னத்தில் படாமல் மடிக்கச் சொல்.

நாற்பத்து நான்காவது மாரித்தாய். புருஷன் வெடியில் போனதும் மாமியார் வீட்டோடு சண்டையாகி எங்கோ போய்விட்டாள் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? கார்த்திகையில் என்னை வந்து பார்த்தாள். சாத்தூர் ரயில்வே கேட்டைத் தாண்டி, உப்புக் குடோனுக்குப் பின்னால் மூன்றாவது வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவள் ஓட்டு நம் ஊரில்தான் இருக்கிறது. நீயே போய்க் கூட்டி வா.

கடிதத்தைப் படித்த வார்டர், "என்னய்யா, ரேஷன் கடை லிஸ்ட்டா?" என்றார். ஆமாம் என்றேன்.

அண்ணன் பாலகுரு


நல்லமுத்தன்பட்டி
24.12.2019

அன்புள்ள அண்ணனுக்கு. நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்கச் சாமியைக் கும்பிடுகிறேன்.

பட்டியல் கிடைத்தது. அரிசி டின்னுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். செல்லக்கனிக்குப் பூட்டுச் சாவிச் சின்னம், கற்பகவல்லிக்கு ஆட்டோ.

ஊரில் ஓட்டைவிடக் கிரகணத்தைப் பற்றித்தான் அதிகப் பேச்சு. இருபத்தாறு காலையில் சூரியன் மறையுமாம், கோயிலெல்லாம் சாத்திவிடுவார்களாம். கிரகணம் விட்டதும் திருச்செந்தூர்க் கடலில் முழுகினால் அகால மரணத்தின் தோஷம் கழியும் என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். ஐந்து உயிர் போன தெரு அல்லவா.

பிணைக்கு ஒரு வழி பிறக்கும் போலத் தெரிகிறது. இப்போது ஒன்றும் கேட்காதீர்கள். சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

வீரலட்சுமி


சிறை, மதுரை
31.12.2019

அன்புத் தங்கச்சிக்கு. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? ஓட்டு முடிந்து நான்கு நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

கிரகணத்தன்று எங்களைப் பகல் பன்னிரண்டு வரை வெளியே விடவில்லை. அறைக்குள் வெளிச்சம் மங்கி, மறுபடி வந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து நான் இங்கே உட்கார்ந்தபடி கீழத் தெருவுக்கு ஆஜர் எடுத்தேன். முதல் ஷெட் போயிருக்கும், இரண்டாம் ஷெட் போயிருக்கும் என்று. பத்து மணிக்கு நாற்பத்து நான்கும் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் நான் ஜபம் செய்வதாக நினைத்துக்கொண்டான். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அன்று ராத்திரி தூங்கினேன்.

ரெண்டாம் தேதி எண்ணுகிறார்கள். உடனே எழுது. பிணை ஒன்றும் அவசரமில்லை, இதை எழுது.

அண்ணன் பாலகுரு


நல்லமுத்தன்பட்டி
6.1.2020

அன்புள்ள அண்ணனுக்கு. அவருக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் உடம்பை விசாரிக்கவே மனசு கூசுகிறது, கெட்ட சேதி சொல்லப் போகிறேன்.

செல்லக்கனி தோற்றுவிட்டாள். கற்பகவல்லி நானூற்றுப் பன்னிரண்டு. செல்லக்கனி முந்நூற்று எண்பத்து ஒன்று. முப்பத்தோரு ஓட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தாறாம் தேதி கிரகணம் விட்டதும் கீழத் தெரு முனையில் ஒரு பஸ் வந்து நின்றது. திருச்செந்தூருக்கு இலவசமாகக் கூட்டிப்போய், கடலில் முழுகவைத்து, விடிந்ததும் சாமி பார்க்கவைத்து, மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குள் ஊரில் இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள். ஓட்டு ஐந்து மணி வரை இருக்கிறதே என்று எல்லோரும் ஏறினார்கள். அதற்கு என்ன குற்றம் சொல்ல முடியும்? தீபாவளி கழிந்து கம்பெனிக்காரர்கள் சுற்றுலா கூட்டிப்போவது எல்லா வருஷமும் உண்டு, இந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் நாற்பத்து நாலு பேர். நல்ல சாப்பாடாம், ஆளுக்கு ஒரு பை பிரசாதமாம். மாரித்தாய்கூட வந்திருந்தாளாம், பஸ் அவள் வீட்டுச் சந்து வரைக்கும் போய் ஏற்றிக்கொண்டதாம். புருஷன் பேரைச் சொல்லிக் கடலில் முழுகிவிட்டு ரொம்ப நேரம் அழுதாளாம். அந்த மட்டும் அவளுக்கு ஓர் ஆறுதல்.

திரும்பும்போது தூத்துக்குடியில் டீசல் போடப் போன டிரைவர் மூன்று மணி நேரம் ஆளைக் காணோமாம். பஸ் ஊருக்குள் வரும்போது ஐந்தே முக்கால். இறங்கினவர்கள் ஈரத் துணி மூட்டையோடு பள்ளிக்கூட வாசல் வரை ஓடினார்கள். பெட்டிக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பஸ்ஸில் போகவில்லை. என் ஓட்டைச் செல்லக்கனிக்குத்தான் போட்டேன். அது சத்தியம்.

முடிவு வந்த மறுநாள் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. "நம்ம சோட்டு வயசுப் பொம்பளைகள்ல நீங்க ஒருத்திதான் மதினி போட்டீக. அதை மறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்னொரு சேதி. பிணைக்கு இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். வக்கீல் காகிதத்தோடு வருவார், கையெழுத்துப் போடுங்கள். பொங்கலுக்கு வீட்டில் இருப்பீர்கள். உங்களுக்காக வெள்ளைப் பூசணி வாங்கி வைத்திருக்கிறேன்.

வீரலட்சுமி


சிறை, மதுரை
13.1.2020

தங்கச்சிக்கு. எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் பொங்கலுக்கு வரவில்லை.

அலி அக்பர் காகிதத்தைக் காட்டினார். ஒருவர் மகேஷ்குமாரின் மச்சான். இன்னொருவர் அவருடைய கல் குவாரிப் பங்குதாரர். "எதிராளி வீட்டுலருந்தே பிணையா வந்து நிக்கிறாங்க பாலகுரு, எனக்கே புரியலை" என்றார் வக்கீல். நான் கையெழுத்துப் போடவில்லை.

மூன்று கேள்வி கேட்கிறேன். யோசித்து எழுத வேண்டாம், உள்ளதை எழுது.

பஸ்ஸில் நாற்பத்து நாலு பேர் என்கிறாய். அந்தத் தெருவில் ஓட்டுள்ள பெண்கள் நூற்றுப்பத்துக்கு மேல். கூட்டத்தோடு கூட்டமாக ஏற்றினார்களா, பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினார்களா?

மாரித்தாய் உப்புக் குடோனுக்குப் பின்னால் இருப்பது அவள் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். பஸ் டிரைவருக்கு யார் வழி சொன்னது?

நாற்பத்து மூன்றாவது பேர் ரோஷினி. அவளைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவள் ஓட்டுப் போட்டாளா?

பாலகுரு


நல்லமுத்தன்பட்டி
29.1.2020

அண்ணனுக்கு. நீங்கள் சுகமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன். இதைப் பிரித்துப் படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

மகேஷ்குமார் வந்த அன்று சும்மா தண்ணீர் குடித்துவிட்டுப் போகவில்லை. "பிணைக்கு ரெண்டு ஆளு நான் தாரேன் தாயி. பொங்கலுக்கு ஒங்க அண்ணன் வீட்டுல இருப்பாரு" என்றார். அதற்கு நாங்கள் கற்பகவல்லிக்குப் போட வேண்டுமா என்று கேட்டேன். சிரித்தார். "எனக்கு யாரும் போட வேண்டாம். செல்லக்கனிக்குப் போடுறவுக அன்னைக்கு ஊர்ல இல்லாம இருந்தாப் போதும். யார் யாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும். மத்தவுகள ஏத்துனா எனக்குல்ல நட்டம்" என்றார். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது நிஜம், எனக்குத் தெரியாது.

பத்து நாளில் உங்கள் கடிதம் வந்தது.

இரண்டு நாள் டின்னுக்குள் வைத்துக்கொண்டு எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பி எழுதக்கூட இல்லை அண்ணே, உங்கள் எழுத்து அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்தத் தாளையே கொடுத்தேன். மாரித்தாய் பேரை மட்டுமாவது கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் பேருக்கு மேலேயே ரோஷினி பேர் இருந்தது. கிழித்தால் அதுவும் சேர்ந்து கிழியும், பிள்ளை பேரைக் கிழிக்கக் கை வரவில்லை.

தெருவில் கூப்பிட்டதும் நான்தான். கூப்பிட்டது மகேஷ்குமார் என்றால் ஏறியிருக்க மாட்டார்கள். "வீரலட்சுமி மதினி சொல்லுதாக" என்று ஏறினார்கள். ரெண்டு மணிக்குள் வந்துவிடலாம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருத்திக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை, திரும்பி வந்த பிறகும் டிரைவரைத்தான் திட்டினார்கள், நானும் ஏமாந்தவள் என்றே நினைத்தார்கள். ரோஷினி போக மாட்டேன் என்றாள். என் மகளே ஏறாவிட்டால் மற்றவர்கள் எப்படி ஏறுவார்கள் என்று மகேஷ்குமார் ஆள் கேட்டான். மாமா வெளியே வர வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டு வா என்று சொல்லி ஏற்றினேன். முதல் சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கினதும் முதலில் ஓடினவளும் அவள்தான். இப்போது என்னோடு பேசுவதில்லை.

ஊராட்சியில் யார் உட்கார்ந்தாலும் நம் வீட்டில் உலை கொதிப்பது ஒரே மாதிரிதான், என் அண்ணன் வெளியே வரட்டும் என்று நினைத்தேன். செல்லக்கனி வந்து நன்றி சொன்ன அன்றுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். மறுபடியும் அந்தத் தாள் கையில் வந்தால் கொடுக்க மாட்டேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

வீரலட்சுமி


நல்லமுத்தன்பட்டி
19.2.2020

அண்ணனுக்கு. மூன்று வாரமாகிவிட்டது, பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று வக்கீல் சொன்னார், அதை வைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். இங்கே அவருக்கு இருமலோடு மூச்சும் வாங்குகிறது.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வேறு யாரிடம் சொல்வேன்?

கற்பகவல்லி தலைவராகிப் போட்ட முதல் கையெழுத்தே அதற்குத்தான். லைசென்ஸ் வேறு யார் பேரிலோ வாங்கியிருக்கிறார்கள். பழைய இடத்தில் சுவர் எழுப்பி வெள்ளையடித்துப் போன வாரம் ஷெட் திறந்துவிட்டார்கள். வேலி அப்படியேதான் இருக்கிறது. வெடித்த ஆவணியிலிருந்து மற்றக் கம்பெனி வேன் எதுவும் கீழத் தெருவுக்கு வருவதில்லை. இது நடந்து போகும் தூரம். உங்கள் பட்டியலில் இருந்தவர்களில் முப்பது பேருக்கு மேல் போகிறார்கள். ரோஷினியும் போகிறாள்.

நான் போகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு மருந்து யார் வாங்குவது என்று கேட்டுவிட்டுப் போகிறாள். ஆறு வாரம் கழித்து அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு அதுதான். மூன்றாம் ஷெட்டில் போட்டிருக்கிறார்கள். ஒன்பது பேர் உட்காருகிறார்களாம். வெடிமருந்து கலக்குகிறவன் புதுசு, பகல் பன்னிரண்டு வெயிலில் கலக்குகிறானாம். போர்மேன் என்று ஒருவரும் இல்லை.

நேற்று மகேஷ்குமாரை வழியில் பார்த்தேன். "அந்த எடத்தை ஒங்க அண்ணனுக்காகத்தான் வச்சிருக்கேன். ரிஜிஸ்டருல போட நம்பிக்கையான கையெழுத்து வேணும்ல" என்றார். அப்போதுதான் அண்ணே எனக்குப் புரிந்தது, அவர் பிணை கொடுத்தது பஸ்ஸுக்கு மட்டும் இல்லை.

நீங்கள் வந்தால் அவர் சொன்னபடி செய்ய வேண்டிவரும். வராவிட்டால் பிள்ளை அந்த ஷெட்டில் பார்க்க ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் எதையும் கேட்க மாட்டேன். சேதியைச் சொல்லிவிட்டேன்.

வீரலட்சுமி


சிறை, மதுரை
26.2.2020

அன்புத் தங்கச்சிக்கு. நான் சுகம். மாப்பிள்ளையைத் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

நேற்று அலி அக்பரை வரச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை விடுவார்கள் என்கிறார்.

போன கடிதத்துக்குப் பதில் எழுதாதது கோபத்தால்தான். உன் மேல் மட்டும் இல்லை. இரண்டு மாதமாக அந்த நாற்பத்து நான்கு பேரையும் வரிசையாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், ஒரு முழுக்குக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் ஏறிவிட்டார்களே என்று. இனி அப்படித் திட்ட எனக்கு வாயில்லை. அவர்கள் ரெண்டு மணிக்குள் வந்துவிடலாம் என்று நம்பி ஏறினார்கள். நான் எல்லாம் தெரிந்தே ஏறுகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. அதை நேரில் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம். நீ கொடுத்த தாள் நான் எழுதியது என்பதையும் மறந்துவிடவில்லை.

செல்லக்கனியிடம் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என்ன முகத்தோடு சொல்வது? திங்கட்கிழமை என்னைக் கூட்டி வருகிற வண்டியை அவள் வாசல் வழியாக விடச் சொல்லாதே. தார் ரோட்டிலேயே இறங்கிக் காட்டு வழியாக வருகிறேன்.

நான் வருவதற்குள் ரோஷினியிடம் இதைச் சொல். உன்னோடு பேசாவிட்டாலும் கேட்டுக்கொள்வாள். நைலான் துணி கட்டிக்கொண்டு போக வேண்டாம், பருத்திதான். செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். செருப்பை வெளியே விட்டு, உடம்பு மின்சாரம் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். மருந்துத் தட்டைத் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். வெயில் ஏறினபின் கலக்கினால், யார் என்ன சொன்னாலும் எழுந்து மரத்தடிக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாம் ஷெட்டில் நாலு பேர்தான் உட்காரலாம். மற்ற ஐந்து பேரை எழுப்ப என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், மகேஷ்குமாருக்கும் தெரியும். திங்கட்கிழமைக்கு மேல் ரிஜிஸ்டரில் நாலு என்று நான்தான் எழுதப் போகிறேன். ரோஷினியை வாசலோரம் உட்காரச் சொல். யார் கேட்டாலும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்.

அண்ணன் பாலகுரு